நடைக்கு ஒரு யூனிட்

ஆகஸ்ட் 26, 2025, செவ்வாய்

செமஸ்டர் தொடங்கிவிட்டது. இரண்டு வருட அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் ஐம்பத்திரண்டு வயதில் மாணவி. எடுத்திருக்கும் பாடம் 'ஃபிட்னஸ் வாக்கிங்'. "நடக்கிறதுக்குக் காசு கட்டி ஒரு கிளாஸா?" என்று இவர் சிரித்தார். கலிபோர்னியாவில் இந்த மாதிரிக் கல்லூரிகள் 116 இருக்கின்றன. பாடத்தின் அளவை யூனிட் கணக்கில் சொல்வார்கள், இங்கேயே குடியிருப்பவர்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 2012லிருந்து அது ஏறவே இல்லை. இந்த ஊரில் விலை ஏறாத வேறு பொருள் எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் நாள் பாதி நேரம் அட்டெண்டன்ஸிலேயே போனது. வராதவர்கள் பெயரை கோச் அங்கேயே அடித்தார். வெய்ட்லிஸ்டில் இருந்தவர்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள், அடித்த இடத்துக்கு ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டார். நடைக்கு இவ்வளவு போட்டி!

பக்கத்தில் பத்தொன்பது வயதுப் பையன்கள், ஓய்வு பெற்ற ஒரு பிலிப்பினோ நர்ஸ் அம்மா, இரவு ஷிப்டு முடித்து நேராக வரும் ஒருவர், லாரி ஓட்டும் ஒரு மெக்ஸிகோ பெரியவர். எங்கள் பள்ளியில் பி.டி. பீரியட் என்றால் கணக்கு டீச்சர் வந்து சிலபஸ் முடிப்பார். மிஞ்சிய நாளில் பையன்களுக்கு மைதானம், எங்களுக்கு வேப்பமர நிழல். அந்தப் பாக்கியை இப்போதுதான் வசூல் செய்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று ஒரு மைல் நடைச் சோதனை. ராக்போர்ட் சோதனை என்கிறார்கள். முடிந்த அளவு வேகமாக ஒரு மைல் நடக்க வேண்டும், ஓடக் கூடாது. நேரத்தையும் முடித்தவுடன் நாடித்துடிப்பையும் வயது, எடையோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், உடம்பு நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்று உத்தேசமாகத் தெரியும். மைல் என்பது 1609 மீட்டர், டிராக் 400 மீட்டர். அதனால் நான்கு சுற்று போட்டாலும் ஒன்பது மீட்டர் குறையும். முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் தனியாக ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கோச் எங்களை அதில் கொண்டுபோய் நிறுத்தினார்.

எனக்கு 17 நிமிடம் 50 நொடி. கழுத்தோரம் இரண்டு விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினேன்: 148. கோச் எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 18, வியாழன்

யார் எவ்வளவு வேகத்தில் நடப்பது என்று இன்று கணக்குப் போட்டோம். 220லிருந்து வயதைக் கழித்தால் 168. அதிலிருந்து காலையில் படுக்கையில் எடுத்த நாடித்துடிப்பு 76ஐக் கழித்தால் 92. அதில் பாதியை எடுத்து அந்த 76ஐத் திரும்பக் கூட்டினால் 122, எழுபது சதவீதம் எடுத்துக் கூட்டினால் 140. நான் 122க்கும் 140க்கும் நடுவில் இருக்க வேண்டும். கார்வோனென் என்ற பின்லாந்துக்காரரின் முறை. இத்தனை வருடம் பார்க்கில் தோழிகளோடு நடந்ததெல்லாம் நூறைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம். பேச்சுதான் வேகமாக இருந்தது.

லாரி ஓட்டும் பெரியவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. மூச்சு வாங்குகிறது, நாடி மட்டும் 98லேயே நிற்கிறது. கோச் அவரைத் தனியாக அழைத்து என்ன மாத்திரை என்று கேட்டார். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர். அந்த மாத்திரை இதயத் துடிப்பை ஏற விடாது, அதனால் அவருக்கு எண் உதவாது. போர்க் என்ற ஸ்வீடன் உளவியலாளர் வகுத்த அளவுகோல் ஒன்றைக் காட்டினார். 6 முதல் 20 வரை எண்கள். உட்கார்ந்திருந்தால் 6, இனி முடியவே முடியாது என்றால் 20. "கொஞ்சம் கஷ்டம்" என்று தோன்றுவது 13, உங்களுக்கு அதுதான் இலக்கு என்றார். அது ஏன் 6ல் தொடங்குகிறது என்று பெரியவர் கேட்டார். சாதாரண ஆளுக்கு அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நாடித்துடிப்பு வந்துவிடுமாம். நம் ஊரில் பி.பி. மாத்திரை போட்டுக்கொண்டு வாட்ச் பார்த்து நடப்பவர்கள் எத்தனை பேர்! அப்பாவுக்கு இன்றிரவு போன் செய்து என்ன மாத்திரை என்று கேட்க வேண்டும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நவராத்திரி. வகுப்பு முடித்து ஓடி வந்து சுண்டல். வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

மூன்று நாள் என்ன சாப்பிட்டோம் என்று எழுதித் தர வேண்டும். புரதக் கணக்கில் மாட்டிக்கொண்டேன். கிலோ எடைக்கு 0.8 கிராமாவது தேவை. என் 62 கிலோவுக்கு ஏறக்குறைய 50. இட்லி, ரசம் சாதம், பொரியல், மோர், ராத்திரி தோசை என்று கூட்டினால் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று வாதாடிப் பார்த்தேன். என் சாம்பாரில் எவ்வளவு பருப்பு என்பது எனக்கும் அந்தக் கரண்டிக்கும்தான் தெரியும். நாளையிலிருந்து காலையில் ஒரு முட்டை, ஆறு கிராம் அதிலேயே வந்துவிடும்.

நவம்பர் 6, வியாழன்

அடுத்த செமஸ்டரும் இதையே எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். முடியாது. பாஸ் செய்துவிட்டால் அதே வகுப்பை மறுபடி எடுக்கக் கூடாது. 2013லிருந்து மாநிலம் முழுக்க இந்த விதி. நீச்சல் 1, நீச்சல் 2 என்று ஒரே வகைப் பாடங்களைப் படிப்படியாக வைத்திருந்தால், அந்த வகையில் மொத்தம் நான்கு எடுக்கலாம், அதோடு சரி. நர்ஸ் அம்மா நீச்சலில் நான்கையும் முடித்துவிட்டார். "எனக்கு நீச்சல் தீர்ந்துபோச்சு" என்கிறார்.

பொருளாதாரச் சரிவில் பட்ஜெட் வெட்டு விழுந்தபோது, பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கே இடமில்லை, ஒரே ஏரோபிக்ஸ் வகுப்பில் வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களுக்கு அரசுப் பணமா என்ற கேள்வியில் வந்த விதி இது. பட்ஜெட் போடுகிறவர் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் வரலாற்றுப் பாடத்தையும் உடற்பயிற்சியையும் ஒரே தராசில் வைத்தது எனக்குச் சம்மதமில்லை. போன வருடம் நடந்த நடை இந்த வருட எலும்புக்கு வந்து சேராது.

பையன்களின் கவலை வேறு. இங்கே படித்துவிட்டு 'கால் ஸ்டேட்' எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்களுக்கான பொதுப் பாடப் பட்டியலில் 'வாழ்நாள் கற்றல், சுய வளர்ச்சி' என்று ஒரு பகுதி இருந்தது. ஹெல்த், வெல்னஸ் வகுப்புகள் பெரும்பாலும் அதில்தான் நிறையும். இந்த வருடம் கால் ஸ்டேட், யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) இரண்டுக்கும் ஒரே பட்டியல் வந்திருக்கிறது, அதில் அந்தப் பகுதி இல்லை. இனிப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எதற்கு வருவார்கள் என்று கோச் முணுமுணுத்தார். ஆள் குறைந்தால் வகுப்பையே ரத்து செய்துவிடுவார்கள். விதி எழுதுகிறவர்கள் ஒரு பக்கம் எங்களைத் தள்ளுகிறார்கள், இன்னொரு பக்கம் பிள்ளைகளுக்கு வர வேண்டிய காரணத்தையும் எடுத்துவிட்டார்கள்.

டிசம்பர் 9, செவ்வாய்

மறு சோதனை. 15 நிமிடம் 40 நொடி, நாடி 136. நடை வேகம் கூடியிருக்கிறது, துடிப்பு குறைந்திருக்கிறது. பெரியவரும் இரண்டு நிமிடம் குறைத்திருக்கிறார், போர்க் அளவுகோலில் 13லேயே நின்று. கோச் இந்தத் தடவை "நாட் பேட்" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிது.

கிரேடு இல்லாவிட்டால் நான் அக்டோபரிலேயே நின்றிருப்பேன் என்பது இவருக்கும் தெரியும். ஒரு யூனிட் என்றால் குறைந்தது 48 மணி நேரம். யாரோ பெயர் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் எடுப்பதால்தான் அத்தனை மணி நேரம் உடம்பு அசைந்தது.

டிசம்பர் 12, வெள்ளி

வசந்தகால செமஸ்டருக்கு எடைப் பயிற்சி வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். வாரம் 150 நிமிட நடை மட்டும் போதாது, இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும் என்பது அமெரிக்க அரசின் வழிகாட்டுதலிலேயே 2008லிருந்து இருக்கிறது. நம் பெண்கள் அந்தப் பாதியை மட்டும் காதில் போட்டுக்கொள்வதில்லை. "வெய்ட் தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவோம்" என்று இந்த வாரம்கூட ஒரு தோழி சொன்னாள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்வதைப் பற்றி அவளிடம் அரை மணி நேரம் பேசினேன். நானும் வரேன், கட்டணம் எவ்வளவு என்று கேட்டாள்.

அவளைப் போலவே இன்னும் சிலர் கேட்டிருந்தார்கள். விண்ணப்பம் ஆன்லைனில், இலவசம். வருடத்துக்கு மேல் கலிபோர்னியாவில் இருந்ததற்கான அத்தாட்சி எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் யூனிட் கட்டணம் பல மடங்காகும். யூனிட், கிரேடு எதுவும் வேண்டாம் என்றால் 'நான்-கிரெடிட்' பிரிவில் மூத்தோருக்கான வகுப்பு உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம். நர்ஸ் அம்மாவை அங்கேதான் அனுப்பியிருக்கிறேன்.