ஓநாய்ப் பள்ளத்தாக்கு

மார்ச் 1, ஞாயிறு

அம்மா மத்தியானம் சோறு தொடவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஜெபக்கூட்டத்து மாமி ஒருவர் தம்பியைப் பற்றி விசாரித்தாராம். இரண்டு வருஷமாக அவன் கோயிலுக்கே வருவதில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார். "அப்ப இரட்சிப்பை இழந்திட்டான்" என்று மாமி முடித்துவிட்டார். எபிரெயர் 6ஆம் அதிகாரத்தையும் விரித்துக் காட்டினாராம். பரம ஈவை ருசிபார்த்த பிறகு மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாத காரியம்.

"பிள்ளை, உண்மையா இழக்கலாமோ?" என்று அம்மா கேட்டார். நான் கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

அதிகாரம் முழுவதையும் வாசித்தேன். மாமி 6ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டார். 9ஆம் வசனத்தில், இப்படிச் சொன்னாலும் உங்களிடத்தில் இரட்சிப்புக்குரியவைகள் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்று வருகிறது. வேதத்தைப் பாதியில் மூடுவது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. எனக்கும்தான்.

ஆனாலும் எச்சரிப்பு எச்சரிப்புத்தான். மற்றவர்களுக்குப் பிரசங்கித்துவிட்டுத் தான் ஆகாதவனாய்ப் போய்விடக் கூடாதே என்று அப்போஸ்தலன் பவுலே பயந்திருக்கிறார். போதகரைக் கேட்டேன். நாங்கள் மெதடிஸ்ட், இந்தச் சபையைத் தொடங்கின ஜான் வெஸ்லி விசுவாசி விழலாம் என்றே சொன்னார், ஆனால் விழுந்த எத்தனையோ பேர் திரும்பவும் எழும்பியதாகவும் சொன்னார் என்றார். சரி. அதையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் காதில் "விழலாம்" மட்டும்தான் விழுந்தது.

மார்ச் 7, சனி

கொழும்புப் புறக்கோட்டையில் துணி எடுத்துவிட்டு வூல்வெண்டால் கோயிலுக்கு ஏறினேன். கொதிக்கிற வெயில். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், 1749இல் தொடங்கி 1757இல் பிரதிஷ்டை செய்த கோயில். உள்ளே தரையெல்லாம் அவர்களுடைய கல்லறைக் கற்கள். அவர்கள் கொண்டுவந்த விசுவாசம் ஒல்லாந்தில் டோர்ட் நகரத்தில் கூடிய சபைச் சங்கம் 1618, 19இல் எழுதிவைத்தது: தேவன் தெரிந்துகொண்டவர்களைக் கடைசிவரை காப்பார். அப்படித் தெரிந்துகொள்ளப்பட்டவர்களும் படுமோசமாக விழக்கூடும் என்று தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லியே எழுதினார்கள். எதிர்த்தரப்பாகிய, அர்மினியுஸ் என்ற போதகரின் ஆட்களோ 1610இல், விசுவாசி முழுவதுமாக விழுந்துபோகக்கூடுமா என்பதை இன்னும் வேதத்தில் ஆராய வேண்டும் என்று விட்டுவைத்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

வூல்வெண்டால் என்றால் ஓநாய்ப் பள்ளத்தாக்காம். யோவான் 10 ஞாபகம் வந்தது. அங்கேயும் ஓநாய் வருகிறது. "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." பறிக்கத்தான் முடியாது, ஆடு தானாக இறங்கி ஓடலாமே என்பார்கள் எங்கள் பக்கத்தார். "ஒருவனும்" என்பதில் ஆடும் அடக்கம் என்பார்கள் ஒல்லாந்தர். மெதடிஸ்ட் பிள்ளையாக இருந்துகொண்டு இன்று நான் ஒல்லாந்தர் பக்கம். அதே வசனத்தில் அதற்கு முன்னால் "ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை" என்றும் இருக்கிறதே.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் அம்மாவுக்கு லூக்கா 22 வாசித்தேன். பேதுரு மறுதலிக்கும் முன்பே, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு வேண்டிக்கொண்டேன் என்கிறார் இயேசு.

"அப்ப காட்டிக்கொடுத்த யூதாசுக்கு?" என்றார் அம்மா. என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் மீன்குழம்பு வைத்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் தம்பியின் அறைக்குப் போனோம். அம்மா கோயிலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன் ஜெபம் மட்டும் செய்தார். முடிவில் அவன் ஆமென் சொல்கிறானா என்று நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, கணக்கு எடுக்கிறீங்களோ?"

முகம் சுட்டது. அம்மா அவனுடைய கோப்பையில் இன்னொரு துண்டு மீன் வைத்தார்.