சுற்றும் நொதி

நம் செல்களுக்குள் நிஜமாகவே சுழலும் மோட்டார் ஒன்று இருக்கிறது என்றால் சிலர் கதை விடுகிறேன் என்கிறார்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறைக் கட்டுகிற ஏடிபி சிந்தேஸ் என்ற நொதிதான் அது. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு வெளிப்புறம் புரோட்டான்கள் குவிந்து நிற்கும். இந்த நொதி வழியாக அவை உள்ளே பாயும்போது நடுத்தண்டு சுழலும், அணைத் தண்ணீர் டர்பைனைச் சுற்றுகிற மாதிரி. ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி. ஒரு நாளில் உடம்பு தயாரிக்கும் ஏடிபி ஏறக்குறைய நம் எடை அளவுக்கு வரும். ஆனால் கையிருப்பு எப்போதும் கொஞ்சம்தான், உடைந்ததையே திரும்பத் திரும்பக் கட்டிக்கொள்கிறோம்.

சுழற்சி என்பது அமெரிக்கர் பால் போயரின் யோசனை. 1994-இல் இங்கிலாந்தின் ஜான் வாக்கர் குழு, மாட்டு இதயத்திலிருந்து எடுத்த நொதியின் வடிவத்தைக் காட்டியதும் அது வலுத்தது. ஆனால் எனக்குப் பிடித்தது 1997-இல் ஜப்பானியர்கள் செய்த வேலை. தண்டின் நுனியில் ஒளிரும் ஆக்டின் என்ற புரத இழையை ஒட்டினார்கள். அப்புறம் ஏடிபி கொடுத்து நொதியை எதிர்த்திசையில் ஓட்டி, இழை சுற்றுவதை நுண்ணோக்கியில் படமே பிடித்துவிட்டார்கள்! அதே ஆண்டு வேதியியல் நோபலில் பாதி போயருக்கும் வாக்கருக்கும் போனது. போயருக்கு அப்போது வயது 79.