‘கதையெல்லாம் வாங்க மாட்டோம் தம்பி’: எண்ணூரிலிருந்து ஒரு கருத்துக்கேட்பு அனுபவம்

3 மாதம் அலைந்து 23 பேர் சொன்னதைப் பதிவு செய்து, டைப் அடித்து, ஸ்பைரல் போட்டுக் கொண்டுபோய் நீட்டினால், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அட்டையை மட்டும் பார்த்தார். “கதையெல்லாம் இங்க வாங்க மாட்டோம் தம்பி. ஆட்சேபணை இருந்தா எழுதிட்டு வா.” இரண்டு பஸ் மாறிப் போனது அன்றைக்கு வீண். தப்பு என்னுடையதும்தான். அட்டையில் ‘எங்கள் ஆற்றின் கதைகள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன்.

எண்ணூர் கழிமுகம் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா வாயுக் கசிவு. குப்பத்துச் சனங்கள் சொல்வதைப் பதிவு செய்து ஊருக்குள் ஒரு கண்காட்சி வைக்கலாம் என்றுதான் நாங்கள் மூன்று பேர் தொடங்கினோம். நடுவில் எங்கள் பக்கம் இன்னொரு திட்டத்துக்கு, சுற்றுச்சூழல் அனுமதி தருவதற்கு முன் மக்களிடம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று நாளிதழில் அறிவிப்பு வந்தது. சரி, இதையே அங்கே கொடுப்போம் என்று முடிவு செய்தோம்.

பதிவு செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆற்றங்கரையில் வைத்துப் பதிவு செய்யாதீர்கள், எங்களுக்கு முதல் நாலு பேரின் குரலும் காற்றோடு போய்விட்டது. அப்புறம், “ஆறு முன்னாடி எப்படி இருந்துச்சு?” என்று கேட்காதீர்கள். டிவிக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி அந்தப் பதில் எல்லோருக்கும் மனப்பாடம். நான் ஒரு ஆயாவிடம் “உங்க கல்யாணத்துக்கு என்ன மீன் ஆக்குனாங்க?” என்று கேட்டேன். மடவையில் ஆரம்பித்தவர், பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றில் கையால் தடவி இறால் பிடித்தது, எந்த வளைவுக்கு என்ன பெயர் என்று இரண்டு மணி நேரம் நிறுத்தவில்லை. கடைசியில்தான் காக்கா ஆழிக்கு வந்தார். தென் அமெரிக்காப் பக்கத்துச் சிப்பி அது. இங்கே வந்து அடிச்சேற்றைப் பாய் விரித்த மாதிரி மூடிவிட்டது, இறால் புதைய இடமில்லை, கால் வைத்தால் அறுக்கிறது.

பெரிய சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. வலை பின்னும் ஒரு அக்கா ராத்திரி பத்து மணிக்கு போன் செய்து, “நான் பேசினத எடுத்துடுப்பா” என்றார். மகன் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. எடுத்துவிட்டேன். மறுநாள் அந்த மகனே வந்து நின்றார். “உன் கதைல நான்தான் வில்லனா? அந்தச் சாம்பல நானும்தான் முழுங்குறேன். நிலையத்த மூடு, வேணாங்கல. மறுநாள் என் வீட்டுல அடுப்பு எப்படி எரியும்னு அதையும் எழுது.” 1970-இல் தொடங்கி 450 மெகாவாட் வரை வளர்ந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டதைப் பார்த்த ஊர் இது. அப்படியும் தொழிலாளிகளில் ஒருவரைக்கூடப் பதிவு செய்யத் தோன்றவில்லையே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

அப்புறம் ஆறு தொழிலாளிகளிடம் பேசினோம். ஒப்பந்தக்காரரின் ஆள் என்பதால் நிலையத்தின் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. நாளைக்கு மூடும்போது நஷ்ட ஈடு என்று கணக்கெடுத்தால் அவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். ஆகவே முதல் கோரிக்கை பணமில்லை, பெயர்ப் பட்டியல். இரண்டாவது, மூடுவதற்கு முன்பே வேறு வேலைக்குப் பயிற்சி. ஆனால் கையெழுத்துப் போட ஆறு பேருக்கும் பயம், மொட்டைக் கடிதாசு என்றால் குப்பைக்குத்தான் போகும். கடைசியில் இந்தக் கோரிக்கையின் கீழே கைநாட்டு வைத்தது யார் தெரியுமா? பேச்சை எடுக்கச் சொன்ன அதே அக்கா. “வலை பின்றவ சொன்னா யாரும் வேலைய விட்டுத் தூக்க முடியாதில்ல?” அவர் வைத்ததைப் பார்த்து 40 பேர் வைத்தார்கள்.

இரண்டாம் முறை போனபோது அட்டையை மாற்றிவிட்டேன். ‘பொருள்: எழுத்துபூர்வக் கருத்துரை’. உள்ளே ஒரு வரி மாற்றவில்லை, ஒவ்வொரு கதைக்கும் தலையில் ‘பாதிப்பு’, அடியில் ‘கோரிக்கை’ என்று இரண்டு வரி மட்டும் சேர்த்தேன். வாங்கிக்கொண்டார்கள்! ஆனால் நகலில் சீல் போட்டுத் தர மாட்டோம் என்றார்கள். சண்டை போடாதீர்கள், அன்றே இன்னொரு பிரதியை, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கிற மாதிரி தபாலில் அனுப்பிவிடுங்கள். பென்டிரைவைத் தொடக்கூட மாட்டார்கள்.

கூட்டத்தன்று காலை ஏழு மணிக்கே போயும் முன் வரிசைகள் நிரம்பியிருந்தன, யாரால் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆயாவுக்கு மைக் வர மதியம் ஆனது. அவர் பேசினார், மூன்று நிமிடத்தில் வாங்கிவிட்டார்கள்.

பாதிப் பேர் இத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பாதீர்கள். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், முடிவில் நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தார்கள். ஆயாவின் மூன்று நிமிடம் ‘மீனவர்கள் வாழ்வாதாரம் குறித்துக் கவலை தெரிவித்தனர்’ என்று ஒரே வரி ஆகியிருந்தது. தொழிலாளர் பட்டியல் பற்றி ஒரு சொல் இல்லை. நாங்கள் எழுந்து நின்றோம். அந்த அக்காவும் எழுந்தார், அப்புறம் பின்னால் ஒரு வரிசை முழுக்க. இருபது நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு ஒப்பந்தத் தொழிலாளர் பெயர்ப் பட்டியல் கோரிக்கை தனிப் பத்தியாக ஏறியது. இறாலும் ஏறியது. டைப் அடித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, “காக்கா ஆழி... பெரிய ளியா, சிறப்பு ழியா?” என்று கேட்டார்.

“எது போட்டாலும் கால அறுக்கும் சார்,” என்றார் ஆயா.