ஐந்து நாழிகை முத்தம்

ஒரு சரித்திரக் காதல் நாவல் வெளியாகி மூன்று மாதத்துக்குள் பதிப்பக மேசைக்கு வந்து சேரும் கடிதங்களை ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்று இரண்டு கட்டாகப் பிரிப்பதில் பிரயோஜனமில்லை. படித்தவர் எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார் என்று பார்த்துப் பிரித்தால்தான் எடிட்டருக்கு வேலை நடக்கும். புகார் ஒரு பக்கத்தைக் காட்டும், பழுது பெரும்பாலும் அதற்கு முன்பே எங்காவது இருக்கும்.

ஆற்றங்கரைச் சந்திப்பு 11 பக்கம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். “படையெடுப்பு என்ன ஆயிற்று?” என்று ஒருவர் எரிந்து விழுவார். “400 பக்கத்தில் இவர்கள் பேசிக்கொள்வது இவ்வளவுதானா?” என்று இன்னொருவர் குறைப்படுவார். இரண்டையும் நம்பி அந்த அத்தியாயத்தில் கத்தரியை வைக்கக் கூடாது. முந்தைய அத்தியாயத்தைப் புரட்டினால் விஷயம் தெரியும். நாயகன் மடியில் ஓலை இருக்கும், அது எப்போதைக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும் இருக்காது. ‘பௌர்ணமிக்குள்’ என்று அங்கே ஒரு சொல் விழுந்தால் போதும். அதே 11 பக்கம் முதலாமவருக்குப் பதைபதைப்பு, இரண்டாமவருக்குத் திருட்டுச் சுகம். ஆனால் பௌர்ணமி என்று எழுதியபின், அதற்கு நான்கு நாள் முந்திய காட்சியில் முன்னிரவு ‘கும்மிருட்டாக’ இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். வளர்பிறைச் சந்திரன் அந்நேரம் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். இதைக் கண்டுபிடித்து எழுதுவதற்கென்றே சிலர் இருக்கிறார்கள், அவர்கள் நல்லவர்கள்.

தகவல் பிழைகளில் முதலிடம் சமையல்கட்டுக்கு. சோழர் காலத்து அடுப்பில் மிளகாய் கிடையாது, தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை எதுவும் கிடையாது. எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, 1498க்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்கள் வரத் தொடங்கிய பின்புதான் இங்கே வந்தன. கொய்யாவும் பப்பாளியும் அப்படியே. நாயகியின் கூந்தலில் செண்டுமல்லி இருந்தால் அதையும் எடுத்துவிட்டு முல்லை வைக்கலாம். அடுத்தது பயணம். காஞ்சியிலிருந்து தஞ்சைக்கு இன்றைய சாலையில் 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரே குதிரையில் போகிறவன் நாளுக்கு 50, 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் குதிரை படுத்துவிடும். வழியில் பாலாறு, பெண்ணை, கொள்ளிடம் வேறு. ஆடிப்பெருக்கன்று காலையில் கிளம்பியவன் மறுநாள் மாலை தஞ்சைக் கோட்டை வாசலில் நின்றால், சரித்திரம் தெரிந்தவர் அங்கேயே மூடிவிடுவார். கதை 970-களில் நடந்தால் பெரிய கோயிலின் நிழலும் விழக் கூடாது, கோயில் முடிந்தது 1010இல்.

மறுபதிப்பில் திருத்துவது சுலபம் என்று நினைப்பவர்கள் அச்சு வேலை பார்க்காதவர்கள். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம். நடுவில் நான்கு வரி கூடினால் அத்தியாயம் முழுக்க நகரும், கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி அநாதையாக நிற்கும். அதனால் எடுத்த வரிக்கு அதே நீளத்தில் வரி கொடுக்க வேண்டும். ‘மிளகாய்’ ‘மிளகு’ ஆவதில் சிக்கலில்லை. ‘நிமிடம்’தான் ஆளைக் கவிழ்க்கும். பழைய காலம் போலத் தொனிக்கட்டும் என்று கணினியில் நிமிடத்தையெல்லாம் ஒரே தட்டலில் நாழிகையாக்கினால், ‘ஐந்து நிமிடம் நீடித்த முத்தம்’ ஐந்து நாழிகை நீடிக்கும். நாழிகைக்கு 24 நிமிடம், ஆக 2 மணி நேரம்! ‘சற்று நேரம்’ என்று கையால் மாற்றுவதே உத்தமம்.

காதலுக்கு ஆதாரம் கேட்கும் கடிதங்கள் தனி ரகம். தஞ்சைக் கல்வெட்டில் குந்தவை, வல்லவரையர் வந்தியதேவரின் தேவி என்று வருகிறாள். எப்படிச் சந்தித்தார்கள், யார் முதலில் மயங்கினார்கள் என்பதெல்லாம் கல்லில் இல்லை. உடையார்குடிக் கல்வெட்டும் இப்படித்தான்: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளையும் அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலத்தையும் சொல்கிறது, கொன்ற காரணத்தைச் சொல்வதில்லை. நாவலாசிரியர் குடிபுகுவது அந்த இடைவெளியில். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்து முடிந்தபோதும் வாசகர்களுக்குத் தீராத கேள்விகள் இருந்தன. கல்கி முடிவுரை எழுதிப் பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்றைக்கும் அது நல்ல வழி. எது கல்வெட்டு, எது கற்பனை என்று இரண்டு பக்கக் குறிப்பு போட்டுவிட்டால் ஆதாரச் சண்டையில் பெரும்பகுதி அடங்கும். ஆனால் அந்தக் குறிப்பை முன்னால் வைக்கக் கூடாது, முடிச்சு அவிழ்ந்துவிடும். பின்னட்டை வாசகத்திலும் ஜாக்கிரதை வேண்டும். ‘வீரகாவியம்’ என்று அதில் போட்டுவிட்டு உள்ளே பாதிக்குமேல் காதல் வைத்தால், எழுத்தாளருக்கு விழும் திட்டில் பாதி உண்மையில் நமக்குச் சேர வேண்டியது.

வம்சாவளிப் படம் இன்னொரு கண்ணி. பெயர்க் குழப்பம் தீரட்டும் என்று முதல் பக்கத்தில் போடுவார்கள். யார் யாரை மணந்தார் என்று அதிலேயே கோடு போட்டிருக்கும். முன்னால் போடுவதாக இருந்தால் பாட்டன், தகப்பன், உடன்பிறந்தார் வரை போதும். கல்யாணக் கோடு கடைசிப் பக்கத்துப் படத்துக்குப் போகட்டும்.