உடல் கிடைக்காத வழக்கும் ஓர் ஆலிமின் பெயரும்

1993 ஜூலை 29 அன்று இரவு, கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் எடப்பாளுக்கு அருகிலிருந்த தம் வீட்டிலிருந்து, மார்க்கச் சொற்பொழிவுக்கென்று அழைக்க வந்தவர்களுடன் வண்டியேறிப் போன சேகன்னூர் மௌலவி திரும்பி வரவேயில்லை. அந்நாளில் என் தந்தை (அத்தா) சிங்கப்பூரில் ஒரு காக்கா கடையில், அதாவது மலபார் முஸ்லிம்களின் உணவுக்கடையில், கல்லாவில் இருந்தார். முதலாளியும் சமையல்காரர்களும் மலப்புறத்துக்காரர்கள். ஊரிலிருந்து வரும் கடிதங்களையும் நாள்பட்டு வரும் மலையாளப் பத்திரிகையையும் வைத்துக்கொண்டு அவர்கள் தாழ்ந்த குரலில் வாதிட்டதை, கடைக்குச் சாப்பாடு கொண்டுபோன சிறுவனாக நான் கேட்டிருக்கிறேன்.

பி.கே. முகம்மது அபுல் ஹசன் என்பது அவருடைய இயற்பெயர். குர்ஆனே முதலும் முடிவுமான ஆதாரம், அதனோடு முரண்படும் ஹதீஸ்களை (நபிமொழிகளை) ஏற்க வேண்டியதில்லை என்று மேடைதோறும் பேசியவர்; அதற்கென்றே குர்ஆன் சுன்னத் சொசைட்டி என்ற அமைப்பையும் நிறுவினார். ஹதீஸ் ஓதி வளர்ந்த எனக்கு அவருடைய கருத்துகளில் பெரும்பாலானவை உடன்பாடானவை அல்ல. ஆனாலும் அவருடைய பேச்சுக்கு மறுப்பு மற்றொருவரின் பயானில் (மார்க்க உரையில்) வந்திருக்க வேண்டுமே தவிர, இருட்டில் வாசலுக்கு வந்த ஒரு வண்டியில் அல்ல என்பதில் எனக்கு அன்றும் இன்றும் ஐயமில்லை.

மாநிலக் காவல்துறையிடமிருந்து வழக்கு 1996இல் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. மௌலவி வண்டியிலேயே கொல்லப்பட்டார், உடல் ஒரு செம்மண் குன்றில் புதைக்கப்பட்டுப் பின்னர் அங்கிருந்து அகற்றப்பட்டது என்பது அரசுத் தரப்பின் வாதம். குன்றைத் தோண்டியும் உடல் கிடைக்கவில்லை. 2010இல் கொச்சியிலுள்ள சிறப்பு நீதிமன்றம் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்து, மற்றவர்களை விடுவித்தது. 2018 அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் அந்த ஒருவரையும் விடுதலை செய்தது. கொலை நடந்தது என்பதே ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்படவில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. ஆக, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, சட்டத்தின் ஏட்டில் அவர் கொல்லப்பட்டவர்கூட அல்லர்; காணாமற்போனவர்.

உடல் இல்லாமல் கொலைக்குத் தண்டனை தர முடியாதா என்று கேட்பவர்களுக்குச் சிங்கப்பூரிலேயே விடை இருக்கிறது. 1963 ஆகஸ்டில் சிஸ்டர்ஸ் தீவுகளுக்கு அருகே, சன்னி ஆங் என்பவருடன் படகில் சென்று கடலில் மூழ்கிய ஜென்னி என்ற இளம்பெண்ணின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயரில் இருந்த இலட்சக்கணக்கான வெள்ளி (டாலர்) மதிப்புள்ள காப்புறுதிகள், முந்தைய நாள் காலாவதியாகியிருந்த ஒன்றைப் படகேறுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன் சன்னி ஆங் நீட்டித்தது, பின்னர் கடலடியில் கிடைத்த வெட்டுண்ட நீச்சல் காலணி எனச் சூழ்நிலைச் சான்றுகள் ஒன்றையொன்று பற்றி நின்றதால், 1965இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது, 1967இல் தூக்கிலிடப்பட்டார். அவருக்காக வாதாடிய பஞ்ச் குமாரசுவாமி, உடல் இல்லாத நிலையை இயன்றவரை எடுத்துக்காட்டியும் அது எடுபடவில்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் ராமானந்த் வழக்கில், உடல் கிடைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் மரணம் நிகழ்ந்தது வேறு சான்றுகளால் உறுதிப்பட வேண்டும் என்று கூறியிருக்கிறது. அப்படியானால் சேகன்னூர் வழக்கில் குறைபட்டது சட்டம் அன்று, சான்று. மழை கொட்டும் நாட்டில் ஒரு மண்குன்று பல ஆண்டுகளுக்கு எதைக் காத்து வைத்திருக்கும்? தண்டிக்கப்பட்டவரை விடுவித்த நீதிபதிகள்மீது எனக்கு மனக்குறை இல்லை. போதிய சான்றின்றி ஒருவரைச் சிறையில் வைத்திருப்பது மௌலவிக்குச் செய்யும் நீதியாகாது. என் வருத்தமெல்லாம், முதல் வாரத்தில் தேடியிருக்க வேண்டியவற்றைப் பற்றியது.

சிங்கப்பூரின் சாட்சியச் சட்டமும் 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் வழி வந்ததுதான். ஏழாண்டுகளாக ஒருவரைப் பற்றி, இயல்பாகக் கேள்விப்பட வேண்டியவர்களுக்கு எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் விதி சிங்கப்பூர்ச் சட்டத்திலும், 1872ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024இல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் உண்டு. சொத்துக்கும் மறுமணத்துக்கும் உதவும் அந்த அனுமானம், யார் கொன்றது, எப்போது கொன்றது என்பதைச் சொல்வதில்லை. நம் ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்ட) நூல்களிலும் காணாமற்போனவருக்கு 'மஃப்கூத்' என்று தனிப் பெயர் உண்டு. காழி (இஸ்லாமிய நீதிபதி) தீர்ப்பளிக்கும்வரை அவர் உயிருள்ளவராகவே கொள்ளப்படுவார். அவருடைய சொத்தைப் பங்கிட முடியாது.

விடுதலைச் செய்தி வந்த வாரம், ஜும்ஆ முடிந்ததும் அத்தா என்னைப் பள்ளிவாசலில் இருத்திவைத்து, இமாமிடம் சென்றார். சேகன்னூர் மௌலவிக்குக் காயிப் ஜனாஸா, அதாவது உடல் முன்னிலையில் இல்லாமல் தொழும் இறப்புத் தொழுகை, தொழலாமா என்று கேட்டார். மரணம் உறுதியானால்தானே தொழுகை, பாய் என்று இமாம் மெதுவாகச் சொன்னார். அத்தா தலையசைத்துவிட்டுத் திரும்பி வந்தார். வீட்டுக்குப் போகும் பேருந்தில் நெடுநேரம் பேசாமலிருந்தவர், இறங்கும் நிறுத்தத்துக்கு முன்பு, கணவரை இழந்த பெண் காத்திருக்க வேண்டிய இத்தா காலத்தைப் பற்றிக் கேட்டார்: "அந்த வீட்டுப் பொம்பளைங்க இத்தாவை எந்தத் தேதியிலேர்ந்து எண்ணியிருப்பாங்க?"