கையெழுத்துப் போடாதவர்களும் ஆய்வுக்குள் இருக்கிறார்கள்

மதுரைப் பக்கம் உளவியலும் சமூகப்பணியும் படிக்கிற பிள்ளைகள் தலைப்புத் தேடும் பருவத்தில் ஒரே மாதிரித் தலைப்பு திரும்பத் திரும்ப வரும்: “உசிலம்பட்டி வட்டாரத்தில் இன்ன சமூக மாணவர்களின் வன்முறை மனப்பான்மை.” ஒப்புதல் படிவம் இணைத்திருப்பார்கள், பெயரை வெளியிட மாட்டோம் என்றும் எழுதியிருப்பார்கள். ஆனால் கேள்வித்தாள் அச்சாகும் முன்பே, தலைப்பிலேயே கேடு உட்கார்ந்திருக்கிறது. கையெழுத்துப் போடுவது 200 மாணவர்கள். முடிவு போய் ஒட்டிக்கொள்வதோ அந்தச் சமூகத்தில் பிறந்த அத்தனை பேர் மேலும். அவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்பதில்லை.

உளவியலாளர்கள் ஜோன் ஸீபரும் பார்பரா ஸ்டான்லியும் 1988-ல் இதைத் தெளிவாக எழுதினார்கள். கேள்வியை அமைப்பது, ஆய்வை நடத்துவது, அது நடக்கும் நிறுவனம், முடிவுக்குப் பொருள் சொல்லிப் பயன்படுத்துவது என்று நான்கு இடங்களில் அறச்சிக்கல் வரும் என்றார்கள். சிக்கலுக்குப் பயந்து இத்தகைய ஆய்வையே கைவிடுவதும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான் என்றும் சொன்னார்கள். அதை நான் முழுதும் ஏற்கிறேன். சாதியைப் பற்றி ஆராயாமல் இந்த ஊரில் உளவியல் பேச முடியாது.

ஆனால் இந்த வட்டாரம் முத்திரை குத்தப்பட்ட வட்டாரம். பிறப்பிலேயே குற்றம் வரும் என்று நம்பிய 1871-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பின் மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. இந்த வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்கள் அந்தச் சட்டப்படி கைரேகை பதிய மறுத்தபோது, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அதே சமூகத்துப் பிள்ளைகளிடம் போய் “வன்முறை மனப்பான்மை” அளக்கிறவர் பழைய கேள்வியைப் புது அளவுகோலோடு கேட்கிறார்.

வீட்டுக் கடனா, அப்பாவின் குடியா, வகுப்பில் வாங்கும் அடியா, எது காரணம் என்று சந்தேகப்படுகிறீர்களோ அதை நேரடியாக அளவிடுங்கள். சாதியை மட்டும் எழுதி வாங்கி இரண்டு சராசரிகளை ஒப்பிட்டால் இத்தனையும் அந்த ஒரு பெயருக்குள் ஒளிந்துகொள்ளும். புள்ளியியலும் உங்களைக் காப்பாற்றாது. குழுவுக்கு 400 பேர் எடுத்தால், கோஹன் டி (இரு சராசரிகளின் இடைவெளி எவ்வளவு பெரிது என்று காட்டும் அளவு) 0.2 மட்டுமே உள்ள சிறு வேறுபாடுகூட, தற்செயலாக வந்ததல்ல என்ற பொருளில் 'முக்கியத்துவம் உடையது' என்று வந்துவிடும். 0.2 என்றால் இரு குழுக்களின் மதிப்பெண் பரவலும் ஏறத்தாழ 92 விழுக்காடு ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கிறது என்று பொருள். அட்டவணையில் இது தெரியாது. “இவர்கள் அவர்களைவிட முரடர்கள்” என்ற வரிதான் வெளியே போகும்.

பாகுபாட்டையே ஆராய்வதானால் சாதியைக் கேட்டே ஆக வேண்டும். அப்போதும் ஒதுக்கப்பட்ட பிள்ளையின் தன்மதிப்பை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஒதுக்குகிறவரின் மனதையும் அளக்க வேண்டும்.

களத்துக்குப் போனால் முதல் கேள்வி உங்களுக்குத்தான் வரும்: “எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ள?” இது நலம் விசாரிப்பு மட்டும் இல்லை. உங்கள் பதிலை வைத்துத்தான் அவர்கள் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று முடிவு செய்கிறார்கள். ஆகவே பேட்டி எடுப்பவர் எந்தச் சமூகம் என்று எதிரில் இருப்பவர் நினைத்திருக்கக்கூடும் என்பதையும் களக்குறிப்பில் எழுதி, பகுப்பாய்வில் பாருங்கள்.

ஒப்புதல் விஷயத்தில் அதிகம் கெடுவது பள்ளியில்தான். வகுப்பாசிரியரே படிவத்தைக் கொடுத்தால் எந்தப் பிள்ளை மறுக்கும்? ஆசிரியர் வெளியே இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் தேவை. ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, 12 முதல் 18 வரை எழுத்தில். தலைமையாசிரியரோ ஊராட்சித் தலைவரோ தரும் அனுமதி உள்ளே நுழைய மட்டுமே. தனி மனிதரின் ஒப்புதலுக்கு அது ஈடாகாது. எழுதத் தெரியாதவரிடம் ரேகை வாங்கி, ஆய்வுக் குழுவில் இல்லாத சாட்சியின் கையெழுத்தும் வாங்குவது வழக்கம். ஆனால் ரேகை பதிய மறுத்து உயிர் விட்டவர்களின் ஊரில் மைப்பெட்டியை நீட்டுவதற்கு முன் யோசியுங்கள். சாட்சி முன்னிலையில் வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவு செய்யலாமா என்று ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிக்குழுவிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஊர்ப் பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் மறைந்தது என்று நினைப்பது பெரிய தவறு. “மேற்குத் தெருவில் வசிக்கும், கணவரை இழந்த, சத்துணவுப் பணியாளர்” என்று எழுதினால் அந்த ஊரில் அது ஒரே ஒருவர்தான். அட்டவணையில் ஊர், சாதி, பாலினம் என்று பிரித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இரண்டு பேர் மட்டும் நிற்பார்கள். ஐந்துக்குக் குறைந்தால் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள். பெயரையும் குறியீட்டு எண்ணையும் இணைக்கும் பட்டியல் விடைகள் இருக்கும் கணினியில் இருக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் கைடுக்கு அனுப்பவே கூடாது.

“நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது” என்ற வரியை மட்டும் படிவத்திலிருந்து அடித்துவிடுங்கள். அது உண்மை இல்லை. பிள்ளை பாலியல் கொடுமையைச் சொன்னால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி ஆய்வாளரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. இந்த எல்லையைப் பேட்டிக்கு முன்பே, பிள்ளைக்குப் புரியும் சொல்லில் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் கையில் கொடுங்கள். மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 கேள்வித்தாளைப் பயன்படுத்தினால் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் 0 (இல்லவே இல்லை) தவிர எந்த விடை வந்தாலும் அன்றைக்கே, அந்த இடத்திலேயே தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். கட்டுக்கட்டாகத் தாள்களைத் தூக்கிவந்து அடுத்த மாதம் எக்செல்லில் ஏற்றும்போது பார்த்தால் காலம் கடந்திருக்கும். யார் பேசுவது, அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு யார் அழைத்துப் போவது, ராத்திரி என்றால் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐ யார் கூப்பிட்டுக் கொடுப்பது என்று ஆள் பெயரோடு எழுதி வைத்த பிறகுதான் முதல் தாளை விநியோகிக்க வேண்டும்.