குப்புறப் படுத்தவருக்கு மூச்சு கொடுப்பது

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து முள்ளந்தண்டு ஒப்பரேஷனுக்கு வந்த விவசாயி ஒருவரின் மனைவி தியேட்டர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "குப்புறப் போட்டா மூச்சு முட்டாதா மனே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மயக்க மருந்து கொடுக்கப் பழகிய நாட்களில் எனக்கும் அதே பயம்தான்.

முக்கால்வாசி விஷயம் வயிற்றில் இருக்கிறது. நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழே திண்டு வைத்து வயிற்றைத் தொங்கவிட்டால் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையான பிரிமென்தகடு தாராளமாக அசையும். வயிறு மேசையில் அமுங்கினால் காற்றுக்குத் தேவைப்படும் அழுத்தம் ஏறும், அதோடு முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள நாளங்கள் வீங்கி, வெட்டும் இடத்தில் இரத்தமும் கூடும். அதனால் புரட்டியவுடன் வயிற்றுக்குக் கீழே கையை விட்டுப் பார்க்காமல் மயக்கத்தில் இருப்பவருக்காக மூச்சு விடும் மெஷினின் மோடைப் பற்றி, அதாவது அது காற்றைத் தள்ளும் முறையைப் பற்றி, நான் யோசிப்பதே இல்லை.

சரி, மோட். வொலியூம் கொன்ட்ரோலில் காற்றின் அளவு நிச்சயம், அழுத்தம் மாறும். பிரஷர் கொன்ட்ரோலில் நேரெதிர். பிரஷர் மோடில் உச்ச அழுத்தம் குறைவாகத் தெரிவதால் அதுதான் நுரையீரலுக்கு நல்லது என்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை, ஏனென்றால் வொலியூம் மோடின் உச்சத்தில் ஒரு பங்கு மூச்சுக்குழாயில் போட்ட டியூபின் தடையைத் தாண்டவே செலவாகிறது, நுரையீரல் உள்ளே படும் பாட்டைப் பிளாட்டோ அழுத்தம்தான், அதாவது காற்று உள்ளே போய் ஓட்டம் நின்ற கணத்தில் அளக்கும் அழுத்தம்தான், சொல்லும். அதை 30 செ.மீ. நீர் அழுத்தத்துக்குக் கீழும், அதில் பீப்பை (மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலில் விட்டுவைக்கும் அழுத்தத்தை) கழித்து வருவதை 15க்குக் கீழும் வைக்கப் பார்ப்பேன்.

பயிற்சிக் காலத்தில் ஒருமுறை, பிரஷர் மோடில் இருந்த நோயாளியின் முதுகில் சேர்ஜன் கையை ஊன்றிச் சாய்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். உள்ளே போன காற்று பாதியளவுக்கு இறங்கிவிட்டது. அழுத்தம் வைத்த இடத்திலேயே நின்றதால் அழுத்தத்துக்கான அலாரம் அடிக்கவில்லை, அளவு குறைந்தால் அடிக்கும் அலாரத்தின் எல்லையை நான் மிகத் தாழ்வாக வைத்திருந்தேன். காபனீரொட்சைட்டு ஏறுவதைக் கண்ட பிறகுதான் விளங்கியது. அப்போதிருந்து, அளவுக்கு உத்தரவாதம் தரும் பிரஷர் மோட் மெஷினில் இருந்தால் அது, இல்லாவிட்டால் வொலியூம் கொன்ட்ரோல்.

இந்த விவசாயிக்கு எடை 85 கிலோ, உயரம் 165 செ.மீ. நுரையீரல் உயரத்தோடுதான் வளரும், தொப்பையோடு அல்ல. உயரத்துக்கான கணக்கில் 61.5 கிலோ, கிலோவுக்கு 7 மி.லீ. வீதம் ஒரு மூச்சுக்கு 430. பிளாட்டோ 19இல் நின்றது.

முடிந்து மல்லாத்தி டியூபை எடுத்ததும் நேரே வாசலுக்குத்தான் போனேன். "முட்டல்ல அம்மா" என்றேன்.